மாட்டுக்கொரு அட்டை, சுவரில் ஒரு சக்கரம்: பண்ணைப் பதிவேட்டைத் திருத்தியமைத்த விதம்

நான் பொறுப்பெடுத்த பண்ணையில் பதிவேட்டுக்குப் பஞ்சமில்லை. நாள்வாரியாக எழுதிய நோட்டுகள் அலமாரி நிறைய இருந்தன. எந்த மாட்டுக்குச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டது, எது கன்று ஈன்றது, எவ்வளவு தவிடு இறங்கியது என எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். எழுதியவர்கள் அக்கறையோடுதான் எழுதியிருந்தார்கள். ஆனால் கால்நடை மருத்துவர் மாட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு, "கடைசியாக எப்போது ஊசி போட்டது, இது எத்தனையாவது தடவை?" என்று கேட்டால், பதில் மூன்று மாதப் பக்கங்களுக்குள் சிதறிக் கிடக்கும். அவரைக் காக்க வைத்து யாரும் நோட்டைப் புரட்ட மாட்டார்கள். ஞாபகத்தில் இருப்பதைச் சொல்வார்கள்.

ஞாபகத்தை நம்புவதில் ஒரு குறிப்பிட்ட ஆபத்து இருக்கிறது. நிறையக் கறந்த நாள் எல்லோருக்கும் நினைவிருக்கும். சினை பிடிக்காமல் வெறுமனே நின்ற மாதங்கள் யாருக்கும் நினைவிருக்காது. கறவைப் பண்ணையில் நஷ்டம் பெரும்பாலும் அந்த வெறும் மாதங்களில்தான் ஒளிந்திருக்கிறது. ஆகவே நான் தேடியது இன்னும் அதிகமாக எழுதும் வழியை இல்லை. எழுதியதே நாளைக்கு என்ன வேலை என்று சொல்ல வேண்டும், அதுதான் குறி.

அட்டை

முதலில் நாள்வாரிக் கணக்கை மாட்டுவாரிக் கணக்காக மாற்றினேன். மாட்டுக்கு ஒரு கெட்டி அட்டை. முன்பக்கத்தின் மேலே காதுவில்லை எண், பிறந்த தேதி, தாயின் எண், தந்தைக் காளையின் எண். பெயரும் எழுதலாம், ஆனால் எண்தான் ஆதாரம். செவலை என்று ஒரே பெயரில் இரண்டு மாடுகள் எந்தப் பண்ணையிலும் வந்து சேரும். காதுவில்லை கழன்று விழுவதும் உண்டு என்பதால் இரண்டு பக்கத்துப் புகைப்படத்தையும் அட்டையில் ஒட்டினேன். திட்டுத் திட்டாகக் கருப்பு வெள்ளை கலந்த மாடுகளின் புள்ளி அமைப்பு ஒன்றைப் போல் இன்னொன்று இருப்பதில்லை. அந்தப் படமே கைரேகைக்குச் சமம்.

தந்தைக் காளையின் எண்ணை வேண்டாத விவரம் என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஊசி போடும்போது உறைவிந்துக் குச்சியில் அந்த எண் அச்சிட்டே இருக்கிறது. குச்சியைத் தூக்கி எறியும் முன் பார்த்து எழுத அரை நிமிடம் போதும். அதை விட்டால் இரண்டரை வருடம் கழித்து, அதில் பிறந்த கிடேரிக்குச் சொந்தத் தந்தையின் விந்தையே ஊசி போட நேரலாம். அப்படிப் பிறக்கும் கன்றுகளில் வளர்ச்சிக் குறைவும் சினை பிடிக்காமையும் கூடுதலாக வரும். காரணம் என்னவென்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

அட்டையின் பின்பக்கம் முழுக்க இனவிருத்திக்கு. ஈன்ற தேதி, ஈன்ற விதம், நஞ்சுக்கொடி தானாக விழுந்ததா, பருவ அறிகுறி (சினைக்குத் தயாரான அறிகுறி) தெரிந்த ஒவ்வொரு தேதியும் நேரமும், ஊசி போட்ட தேதியும் நேரமும், சினைப் பரிசோதனை முடிவு. இதில் "ஒவ்வொரு" என்பதை வலியுறுத்துகிறேன். ஈன்ற முப்பதாம் நாள் பருவத்துக்கு வந்தால், இப்போது ஊசி போடப் போவதில்லையே என்று எழுதாமல் விடுவது வழக்கம். அந்த வரிதான் கருப்பை தேறிவிட்டது, மாடு சுழற்சிக்கு வந்துவிட்டது என்பதற்கான முதல் சாட்சி. அறுபது நாள் ஆகியும் ஒரு பருவம்கூடப் பதிவாகாத மாட்டை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று பருவம் பதிவான மாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். எழுதாவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

தேதிகள் வரிசையாக விழுந்த பிறகு, அவற்றுக்கு இடையே உள்ள நாட்களைப் பக்கத்திலேயே பென்சிலால் குறித்து வைத்தேன். பசுவின் பருவச் சுழற்சி சராசரியாக 21 நாள். 18 முதல் 24 வரை இயல்பு. இடைவெளி 36 முதல் 48 வரை இருந்தால் நடுவில் ஒரு பருவத்தை நாம் பார்க்காமல் விட்டிருக்கிறோம் என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது மாட்டுக்கு மருந்து கொடுப்பதை விடக் கவனிக்கும் நேரத்தைக் கூட்டுவதுதான் வைத்தியம். ஊசி போட்டபின் 25 முதல் 35 நாளில் மறுபடி பருவத்துக்குத் திரும்பினால் இரண்டு காரணம் இருக்கலாம்: சினை பிடித்துக் கரு ஆரம்பத்திலேயே அழிந்திருக்கலாம், அல்லது முந்தைய ஊசி பருவம் இல்லாத நேரத்தில் போடப்பட்டிருக்கலாம். ஒரே ஒரு கழித்தல் கணக்கு இவ்வளவு சொல்கிறது. மருத்துவரிடம் அட்டையை நீட்டியபோது அவர் முதலில் பார்த்ததும் அந்தப் பென்சில் எண்களைத்தான்.

இன்னொரு வரியும் சேர்த்தேன்: இரத்தக் கசிவு. பருவம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சில மாடுகளின் பிறப்புறுப்பில் கொஞ்சம் இரத்தம் கலந்த சளி ஒழுகும். சினை பிடித்ததா இல்லையா என்பதற்கு அது அடையாளம் ஆகாது. பருவம் முடிந்துவிட்டது என்பதற்கு மட்டுமே அடையாளம். பருவத்தைப் பார்க்கத் தவறிய மாட்டில் அந்தக் கசிவைக் கண்டால் தேதியைக் குறித்துக்கொண்டு, பதினெட்டு, பத்தொன்பது நாள் கழித்து அந்த மாட்டின் மேல் கண் வைக்கலாம்.

நேரத்தையும் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி என்ற விதி, 1940-களில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டிரிம்பர்கர் செய்த ஆய்வுகளிலிருந்து பரவியது. பருவம் தொடங்கிக் கிட்டத்தட்ட ஒரு நாளுக்குப் பிறகுதான் கருமுட்டை வெளியாகிறது. வெறும் தேதி மட்டும் இருந்தால், ஊசி சீக்கிரம் போடப்பட்டதா, தாமதமாகப் போடப்பட்டதா என்று பின்னால் ஆராய வழியில்லை.

சக்கரம்

அட்டை ஒரு மாட்டின் கதையைச் சொல்லும். இன்று எந்த மாட்டைப் பார்க்க வேண்டும் என்று அது கூப்பிட்டுச் சொல்லாது. அதற்காகத்தான் சுவரில் ஒரு சக்கரப் பலகை செய்தேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் அளவுகளோடு எழுதுகிறேன்.

ஒரு மீட்டர் சதுர ஒட்டுப்பலகை. அதன்மேல் குண்டூசி இறங்கும்படி மென்பலகை ஒட்ட வேண்டும். வெளிவட்டத்தில் வருடத்தின் 365 நாளும் வர வேண்டும். பாகைமானியை வைத்து 365 பங்கு போடுவது பெரும் பாடு. ஐந்து ஐந்து நாளாகப் பிரித்தால் 73 பங்குதான். வட்டத்தின் ஆரத்தை 40.7 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, கவராயத்தை 3.5 செ.மீ. விரித்து வட்டத்தின் மேல் தாவித் தாவிக் குறித்துக்கொண்டே போனால், 73-வது தாவல் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். ஒன்றரை மில்லிமீட்டர்தான் மீதி. ஒவ்வொரு பங்கையும் ஐந்தாகக் கண்ணளவில் பிரித்தால் ஒரு நாளுக்கு ஏழு மில்லிமீட்டர் கிடைக்கிறது. சின்னக் கொண்டை குண்டூசிக்கு அது போதும். தேதிகள் வலஞ்சுழியாக ஓடட்டும். பிப்ரவரி 29-க்குத் தனி இடம் வேண்டாம். ஒரு நாள் முன்பின் இங்கே பொருட்டில்லை.

உள்ளே, 38 செ.மீ. ஆரத்தில் தனியாகச் சுழலும் வட்டத் தகடு. மையத்தில் ஒரு போல்ட், இரண்டு பக்கமும் அகலமான வாஷர், பின்னால் தானாகத் தளராத நைலான் நட்டு. சாதாரண நட்டு போட்டால் தினமும் சுற்றச் சுற்றத் தளர்ந்து தகடு தானாக இறங்கிவிடும். தகட்டின் விளிம்பில் "இன்று" என்று ஒரு அம்புக்குறி. அதிலிருந்து இடஞ்சுழியாக, அதாவது கடந்த தேதிகளின் பக்கமாக, மற்ற குறிகள். ஒரு நாளுக்கு 0.986 பாகை என்பதால் 21-ம் நாள் 20.7 பாகையில் வரும், 42-ம் நாள் 41.4, 60-ம் நாள் 59.2, 220-ம் நாள் 217, 280-ம் நாள் 276. இதில் 18 முதல் 24 நாள் வரையிலான இடத்தைச் சிவப்புப் பட்டையாகவே தீட்டிவிட்டேன்.

மாட்டுக்கு ஒரு குண்டூசி, தலையில் எண். ஈன்றால் அந்தத் தேதியில் வெள்ளை ஊசி. சினை ஊசி போட்டால் வெள்ளையை எடுத்துவிட்டு அந்தத் தேதியில் நீலம். பரிசோதனையில் சினை உறுதியானால் அதே இடத்தில் பச்சை. தினமும் காலையில் "இன்று" அம்பை ஒரு நாள் நகர்த்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. சிவப்புப் பட்டை ஒரு நீல ஊசியைத் தொட்டால் அந்த மாடு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டிய நாள். 60 என்ற குறி வெள்ளை ஊசியைத் தொட்டால் இனி வரும் பருவத்தில் ஊசி போடலாம். 220-ம் குறி பச்சையைத் தொட்டால் பாலை வற்றவிட வேண்டும். 280 தொட்டால் ஈற்றுக் கொட்டிலுக்கு மாற்றியிருக்க வேண்டும்.

வற்றவிடும் தேதி தவறுவதுதான் இதில் சத்தமில்லாமல் நடக்கிற இழப்பு. ஈற்றுக்கு முன் ஏறத்தாழ 60 நாள் மடிக்கு ஓய்வு வேண்டும். மடியின் சுரப்புத் திசுக்கள் அந்தக் காலத்தில்தான் புதுப்பிக்கப்படுகின்றன. 40 நாளுக்கும் குறைவாக ஓய்வு கொடுத்தால் அடுத்த ஈத்தில் பால் குறையும். சினைத் தேதி தெரியாதவர்கள் வயிற்றைப் பார்த்தும் மடியைப் பார்த்தும் முடிவெடுக்கிறார்கள். மடி சொல்லும்போது நேரம் கடந்திருக்கும்.

சக்கரத்தை மாட்டிய பிறகு எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. 120 நாளுக்குப் பின்னால் தங்கிவிட்ட வெள்ளை ஊசிகள் கொத்தாகக் கண்ணில் பட்டன. நோட்டில் அவை வெவ்வேறு பக்கங்களில் இருந்தன. பலகையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொட்டகையில் வேலை செய்பவர்களே அந்த மாடுகளை அதிகாலையிலும் இரவிலும் கூடுதலாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். பருவ அறிகுறிகளில் பெரும்பங்கு அந்த நேரங்களில்தான் தெரிகிறது.

பால் எடை

தினமும் எல்லா மாட்டின் பாலையும் அளக்க முடியாது என்பது உண்மை. அளக்க வேண்டிய தேவையும் இல்லை. மாதத்தில் ஒரு நாள், அந்த நாளின் எல்லாக் கறவையும் அளந்தால் போதும். பால் பதிவுக்கென்று உலகின் முதல் சங்கம் 1895-ல் டென்மார்க்கின் வேயன் ஊரில் தொடங்கியதிலிருந்தே, இப்படிக் குறிப்பிட்ட இடைவெளியில் அளக்கும் முறைதான் அடிப்படை. இரண்டு அளவு நாட்களின் சராசரியை இடையிலுள்ள நாட்களால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால் ஈத்து முழுவதற்குமான பால் கிடைத்துவிடும்.

லிட்டர் குவளையை விட்டுவிட்டுத் தொங்கு தராசுக்கு மாறினேன். நுரையோடு அளந்த லிட்டருக்கு நம்பகம் கிடையாது. எடைக்கு நுரை கணக்கே இல்லை. வாளியை மாட்டி முள்ளைச் சுழிக்குக் கொண்டுவந்துவிட்டால் நேரடியாகப் பாலின் எடை. லிட்டராக வேண்டுமென்றால் 1.03-ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

இரண்டு மாடுகளின் அட்டையை மட்டும் இங்கே எடுத்து எழுதுகிறேன், ஏனென்றால் பதிவேட்டின் பலனை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. ஒன்று எல்லோரும் கொண்டாடிய மாடு. மாத அளவுகள், கிலோவில்: 20, 22, 19, 16, 13, 10, 7, 5. அதோடு வற்றிவிட்டது. எட்டு மாதத்தையும் முப்பது முப்பது நாளாக வைத்துத் தோராயமாகக் கூட்டினால் 3,360 கிலோ. இன்னொன்றை யாரும் பெரிதாகப் பேசியதில்லை: 15, 17, 16, 15, 14, 13, 12, 11, 10, 9. மொத்தம் 3,960. உச்சத்தில் ஐந்து கிலோ குறைவாகக் கறந்த மாடு, ஈத்து முடிவில் 600 கிலோ அதிகம் கொடுத்திருக்கிறது. இது இன்னும் பாதிக் கதைதான். முதல் மாடு ஈன்று சினை பிடிக்க 240 நாள் எடுத்துக்கொண்டது. சினைக்காலம் 280 சேர்த்தால் ஈற்றுக்கு ஈற்று 520 நாள். இரண்டாவது 110 நாளில் சினை. 390 நாள் இடைவெளி. பாலை அந்த நாட்களால் வகுத்தால் முதல் மாடு நாளொன்றுக்கு 6.5 கிலோ, இரண்டாவது 10.2 கிலோ. தீவனம் எல்லா நாளும்தான் போடுகிறோம், கறக்கும் நாளில் மட்டும் இல்லை. எதன் கிடேரியை வைத்துக்கொள்வது என்பதில் அதற்குப் பிறகு விவாதமே எழவில்லை.

கொழுப்பு அளவும் கிடைக்கிற இடத்தில் இன்னொரு திருத்தம் செய்யலாம். பாலின் எடையை 0.4-ஆலும், அதிலுள்ள கொழுப்பின் எடையை 15-ஆலும் பெருக்கிக் கூட்டினால், நான்கு சதவீதக் கொழுப்புக்குச் சமமான பால் வரும். 3.2 சதவீதத்தில் 20 கிலோ கறக்கும் மாடு 17.6, 4.5 சதவீதத்தில் 16 கிலோ கறக்கும் மாடு 17.2. வாளியில் தெரிந்த நான்கு கிலோ வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போய்விடுகிறது.

மருந்து

இந்தத் தாளில் மட்டும் நான் எந்தச் சலுகையும் கொடுப்பதில்லை. நாள், நேரம், மாட்டின் எண், மருந்தின் பெயர், தொகுதி எண், அளவு, எந்தக் காம்பு, கடைசி மருந்து கொடுத்த நேரம், பால் சேர்க்கலாம் என்ற நேரம் எல்லாம் எழுதியாக வேண்டும். பாலை ஒதுக்கி வைக்க வேண்டிய விலக்குக் காலத்தைக் கடைசி மருந்திலிருந்து எண்ண வேண்டும், முதல் மருந்திலிருந்து எண்ணக் கூடாது. எழுதிய கையோடு மாட்டின் பின்னங்காலில் சிவப்புப் பட்டை. அந்த மாட்டைக் கடைசியில், தனிப் பாத்திரத்தில்தான் கறக்க வேண்டும். காலையில் மருந்து கொடுத்தவரும் மாலையில் கறப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும் பண்ணையில், தாளும் பட்டையும் சேர்ந்துதான் குடிக்கிறவர்களைக் காப்பாற்றுகின்றன. அந்தப் பால் ஒரு குழந்தையின் வயிற்றுக்குப் போகிறது.

காம்பு வாரியாக எழுதியது மடிநோய்க்கும் உதவியது. 1957-ல் ஷால்மும் நூர்லாண்டரும் வெளியிட்ட கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனையை (பாலில் ஒரு கரைசலைக் கலந்து கெட்டியாகிறதா என்று பார்ப்பது) மாதம் ஒருமுறை, பால் எடை போடும் அதே நாளில் செய்து, நான்கு காம்புக்கும் நான்கு கட்டத்தில் குறிக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத மடிநோயில் பால் பார்ப்பதற்குச் சுத்தமாகவே இருக்கும். ஒரே காம்பு மாதாமாதம் கெட்டியாகிக்கொண்டிருந்தால் அது பழைய நோய் உள்ளேயே தங்கியிருப்பதைக் காட்டும். ஒரே மாதத்தில் பல மாடுகளில் புதுப்புதுக் காம்புகள் வந்தால் மாட்டை விட்டுவிட்டு, கறவை இயந்திரத்தையும் கறப்பவர் கையையும் படுக்கும் தரையையும் பார்க்க வேண்டும்.

கன்றுகளுக்கு அட்டையில் மாத எடை மட்டும். தராசு இல்லாவிட்டால் மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோ வரும், அளவுகள் செ.மீ.-இல். சுற்றளவு 150, நீளம் 120 என்றால் ஏறத்தாழ 249 கிலோ. துல்லியம் இல்லை, ஆனால் வளர்ச்சி நின்றுபோன மாதத்தை இது காட்டிக்கொடுக்கும். கிடேரிக்கு முதல் ஊசியை வயதை வைத்துப் போடாமல், அந்த இனத்தின் வளர்ந்த மாட்டு எடையில் 60 சதவீதம் எட்டியதை வைத்துப் போட முடிகிறது.

யார் எழுதுவது

கொட்டகையில் எழுதுவதுதான் பதிவு. வீட்டுக்குப் போய் எழுதுவது ஞாபகம். ஆகவே கறவை இடத்தில் ஒரு அட்டைப்பலகை, கயிற்றில் கட்டிய பென்சில். ஈரக் கையில் பேனா எழுதாது, மை கரையும். தாளில் எழுதியதை மாலையில் ஒருவர் அட்டைக்கு மாற்றுவார், சக்கரத்து ஊசியை நகர்த்துவார். கணினியில் ஏற்றுவது வாரத்துக்கு ஒருமுறை போதும். தொடக்கத்திலேயே செயலி, மென்பொருள் என்று இறங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. கொட்டகையில் பென்சில் ஓடாத பண்ணையில் எந்தச் செயலியும் காலியாகத்தான் இருக்கும்.

மாதக் கடைசியில் பார்க்கும் எண்கள் சில: ஈன்றதிலிருந்து சினை வரை ஆன நாட்கள், ஒரு சினைக்கு எத்தனை ஊசி, கறக்கும் மாடுகளின் பங்கு. முதல் எண்ணில் ஒரு கண்ணி இருக்கிறது. சினை பிடித்த மாடுகளை மட்டும் வைத்துச் சராசரி போட்டால் எப்போதும் அழகான எண் வரும், ஏனென்றால் இன்னும் பிடிக்காத மாடுகள் கணக்கிலேயே இல்லை. 250 நாளாக வெறுமனே நிற்கும் மாட்டுக்கு 250 என்றே போட்டுக் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டியபோது எங்கள் சராசரி கணிசமாக ஏறியது. அந்த எண்தான் உண்மையானது.

இரண்டு மூன்று மாடு மட்டும் வைத்திருப்பவர்களுக்குச் சக்கரம் தேவையில்லை. ஊசி போட்ட அன்றே வரப்போகும் தேதிகளை நாட்காட்டியில் எழுதிவிடலாம். ஜனவரி 1-ல் ஊசி போட்டால் ஜனவரி 22-லும் பிப்ரவரி 12-லும் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தேதிகளுக்கு மூன்று நாள் முன்னும் பின்னும் சேர்த்து. மார்ச்சில் சினைப் பரிசோதனை. பசுவானால் ஆகஸ்ட் 9-ல் வற்றவிட்டு, அக்டோபர் 8-ஐ ஒட்டி ஈற்றுக்குத் தயாராக இருக்கலாம். எருமைக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 310 நாள் என்பதால் செப்டம்பர் 8, நவம்பர் 7.